மூன்று சின்னவர்களும் ஒரு தட்டு மலையும்

ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, இரவல் வாங்கிய ஒரு தூசி உறிஞ்சி. இவ்வளவோடுதான் நான் தொழில் தொடங்கினேன். இன்று என் பெயர் எழுதிய வான் வண்டிகள் சுவிஸின் வின்டர்தூரிலும் வில் நகரத்திலும் விடிய முதல் ஓடித்திரிகின்றன. உட்காரக் கதிரையைக்கூடக் காட்டாமல் என்னைத் திருப்பி அனுப்பிய வங்கியின் கண்ணாடிகளை இன்று என் ஆட்கள்தான் துடைக்கிறார்கள். சொந்த வீடு இருக்கிறது. சாமான் வைக்கச் சொந்தக் கிடங்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆகக் கடைசி வகுப்பில் இருந்து வெளியேறியவன் நான். தொழில் பழக்க ஒருவரும் என்னை எடுக்கவில்லை. டொச் என்கிற ஜெர்மன் மொழியில் எழுதினால் இன்றைக்கும் பிழை வரும். கையெழுத்து வைத்தால் மட்டும் பிழை வராது. நம் கழகத்தின் இளையோர் அணிக்குப் பந்து, வலை, சீருடை எல்லாம் என் கைதான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பாடுபட்டவன் பெருமைப்படாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனா வந்து எனக்காகப் பெருமைப்படுவான்?

என் வயதுக்காரர்களே, அன்று அணியில் இருந்த மூத்தவர்களே, கழகத்தின் சிறப்பு மலருக்கு மலர்க் குழு என்னிடம் ஒரு பக்கம் கேட்டது. "மூன்று சின்னவர்களில் ஆர் திறம்?" இதுதான் தலைப்பாம். கழக அறையில் நீங்கள் இதைப் பற்றிக் கத்தியதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இப்பத்தைய சின்னவன்தான் திறம். அவன்ர ஓட்டத்தை ஃபோனில அளந்து பார்த்தனாங்கள்."

"ஃபோன் உன்ர மனுசியின்ர கோபத்தையும் அளக்குமோ? விடு. ரண்டாவது ஆள் சுவிஸ் கிளப்பில பழகினவன். அவன்ர கால் வேலை ஆருக்கு வரும்?"

"நீங்கள் ரண்டுபேரும் முதல் சின்னவர் வில்லில அடிச்ச கோலைப் பாக்கேல்லை. பாத்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பியள்."

நானும் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் ஒரு பக்கத்துக்குப் பதிலாக இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

நம் அணியின் விளையாட்டு தொண்ணூறுகளிலும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். பின்னுக்கு நிற்கும் தடியர் பந்தை உயரத் தூக்கி அடிப்பார். வலது கரையில் ஒரு சிறிய ஆள் வெடியாய்ப் பறந்து போய், அது நிலத்தில் விழுந்து எழும்புவதற்குள் எடுப்பார். அந்த இடத்துக்கு வருகிறவரை எல்லாரும் சின்னவர் என்றே கூப்பிடுவோம். அணி தொடங்கியதிலிருந்து மூன்று பேர் அந்தப் பெயருக்கு வந்தார்கள். இரண்டாவது ஆள் பலசரக்குக் கடைக்காரரின் மகன். பந்து காலில் ஒட்டும். எதிராளி எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று பார்த்து மற்றப் பக்கத்தால் போவான். மூன்றாவது ஆள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பழகும் பெடியன். முதல் பத்து அடிக்கு அவனை ஒருவராலும் பிடிக்க முடியாது. ஆனால் இரண்டுபேரும் ஓடும்போது ஒரு தரம் திரும்பிப் பந்தைப் பார்ப்பார்கள். முதல் சின்னவர் பார்க்கமாட்டார். தலை முன்னுக்கு. பந்து பின்னாலிருந்து தோளுக்கு மேலால் வரும். அது வந்து விழும் இடத்தில் அவர் கால் ஏற்கெனவே இருக்கும்.

அவர் மட்டக்களப்புப் பக்கத்தவர். நம் அணியோ யாழ்ப்பாணத்தின் ஒரே ஊர் ஆட்கள் இங்கே சேர்ந்து தொடங்கியது. வெளி ஆள் ஒருவரைச் சேர்ப்பதா என்று என் அப்பாவின் தலைமையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்பாதான் அப்போது அணிக்குப் பொறுப்பு. சின்னவர் ஓடிக்காட்டியதும் வாக்குவாதம் முடிந்துவிட்டது. பகிடி மட்டும் முடியவில்லை. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்பது யாழ்ப்பாணத்துப் பழைய கதை.

"மட்டக்களப்பாரே, எங்களைப் பாயோட ஒட்டிப்போடாதேங்கோ."

"உங்கள ஒட்டி நான் என்ன செய்றது? பந்த ஒட்டித் தாறன், போய் கோல் அடிங்க" என்பார் அவர்.

ஆள் என்னளவுதான் உயரம். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு நாள் மைதானத்தில் எங்கள் இரண்டுபேரையும் முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. பெரிய ஆட்களின் சப்பாத்து அவருக்கு அளவாக வராது. ப்ரொக்கி என்று சொல்லும் பழைய சாமான் கடையில் சிறுவர்களுக்கான பந்தடிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார். உள்ளே நாக்கில் ஏதோ ஒரு சுவிஸ் பிள்ளையின் பெயரை அதன் தாய் பேனையால் எழுதியிருந்தாள். "இவன் இப்ப வளந்திருப்பான் என்ன?" என்று அந்தப் பெயரைத் தடவிப் பார்ப்பார்.

புதன்கிழமைப் பின்னேரங்களில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. உணவகங்களில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை ஓர் இடைவெளி உண்டு. ஸிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அறைக்குப் போய்க் காலை நீட்டும் நேரம். சின்னவர் காலை நீட்டவில்லை. ரயில் பாதைக்குப் பக்கத்துப் புல்வெளிக்கு ஓடி வருவார். நான் உயரமாக அடிப்பேன், அவர் போய் எடுப்பார். எனக்கு ஓட்டம் வராது. உயரத்தில்தான் நாங்கள் ஒன்று. ஆனால் பந்து தூக்கும் கால் எனக்கு இருந்தது. அந்தக் கோடை முழுவதும் அவருக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவன் நான் என்பதையும் இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் கிட்ட வரும்போது ஒரு மணம் வரும். தட்டுக் கழுவும் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணமும் பொரித்த எண்ணெயும் கலந்த மணம். விரல் நுனிகள் ஊறப்போட்ட கடலை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர் வேலை செய்தது ஆற்றங்கரைப் பக்கத்து உணவகம் ஒன்றில்.

"எப்பிடி அண்ணை திரும்பிப் பாக்காமல் எடுக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குப் பின்னால வெயிட்டர்மார் தட்டக் கொண்டந்து அடிப்பாங்க மனே. சூப் கோப்பையா, பெரிய தட்டா, கத்தியா எண்டு சத்தத்திலயே தெரியும். திரும்பிப் பாத்துக்கிட்டு நிண்டா அடுத்தது வந்திரும்." மகனே என்பது அவர் ஊர்ப் பேச்சில் மனே.

அவருக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. மனைவியும் இரண்டு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவருக்கு அந்த வருடம்தான் இந்த நாட்டில் இருக்க ஒழுங்கான பெர்மிட் கிடைத்திருந்தது. வேலை நிரந்தரம் என்று முதலாளி எழுதிக் கையெழுத்து வைத்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். முதலாளியை எல்லாரும் செஃப் என்றே சொல்வார்கள்.

"கோடை லீவுக்கு முதல் வெச்சுத் தாறன் எண்டு செஃப் சொல்லியிரிக்கார் மனே. என்னய அவர் பேர் சொல்லிக் கூப்பிர்ற இல்ல. ப்ளிட்ஸ் எண்டுதான் கூப்பிடுவார். அப்பிடியெண்டா மின்னலாமே?"

"ஓம் அண்ணை, மின்னல்தான்."

"பாத்தியா? உங்கட ஆக்கள் சின்னவன் எண்றாங்க. வெள்ளக்காரன் மின்னல் எண்றான்."

அந்தக் கோடையில் நாங்கள் ஒவ்வொரு ஆட்டமாக வென்றுகொண்டு போனோம். ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். அவருக்கு ஞாயிறும் வேலை. அதற்கு நம் ஆட்களிடம் ஒரு வழி இருந்தது, உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவருக்கு அலுவல் என்றால் இன்னொருவர் போய் அவருடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்பார். சுவிஸ்காரனுக்குத் தமிழன் முகமெல்லாம் ஒன்றுதான் என்பது நம் ஆட்களின் திடமான நம்பிக்கை. வேலை நடந்தால் சரி, ஆள் யாரென்று பார்க்கமாட்டான் என்பது அடுத்த நம்பிக்கை. சின்னவருடன் ஒரே அறையில் இருந்தவர் இரண்டு முறை அப்படிப் போய் நின்றார். வாட்டசாட்டமான ஆள் இல்லை, ஆனால் கை வேகமானவர். ஒன்றும் நடக்கவில்லை.

சின்னவருக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணன், நான் செஃபிட்டயே கேக்கட்டா? லீவு தருவார்போலதான் இரிக்கி" என்று அப்பாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"உமக்கென்ன விசரோ? கையெழுத்து வைக்க முதல் லீவு கேட்டால் சோம்பேறி எண்டு நினைப்பான். வாயைத் திறக்காதையும். நாங்கள் ஆள் விடுறம்" என்றார் அப்பா.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. போன மாரியில் அவரைத் தகனம் செய்தபோது எத்தனை பேர் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலை எடுத்துக் கொடுத்தவர், அறை எடுத்துக் கொடுத்தவர் என்று அத்தனை பேரும் அவரைப் பற்றிச் சொன்னீர்கள். ஆனால் முதலாளியிடம் ஒன்றைக் கேட்பது என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்காமல் செய்வதைத்தான் கெட்டித்தனம் என்று அவர் நினைத்தார். அவர் மட்டும் இல்லை, நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள்.

இறுதிப்போட்டி வில்லில். அதற்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினியில் அணி கூடியது. சின்னவர் மட்டும் வேலையில் இருந்தார். அம்மா ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தார். சின்னவருக்குப் பதிலாக நாளைக்கு உணவகத்தில் யார் நிற்பது என்பதுதான் கதை.

"நான் கோல் கீப்பர். நான் நிண்டால் ஆர் பந்து பிடிக்கிறது?"

"நீ வந்தாலும் ஆர் பிடிக்கிறது எண்டுதான் நாங்களும் யோசிக்கிறம்."

சின்னவரின் அறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வழமையா நான்தானே நிக்கிறனான். ஃபைனலுக்கு நானும் மனுசன்தானே? வீடியோக் கமராவும் என்னட்டைத்தான் இருக்கு."

ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். விளையாடாதவர்களுக்கு மைதானத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் ஒருவருக்கும் இறுதிப்போட்டியைத் தவறவிட மனம் இல்லை. அப்போதுதான் அப்பாவின் கண் என்னில் வந்து நின்றது.

"இவன் சின்னவரின்ர அளவுதானே?"

"அது பதினாலு வயசுப் பிள்ளையப்பா" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

"பிள்ளையெண்டால்? வீட்டில கோப்பை கழுவிறானோ இல்லையோ? ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் செத்துக் கிடக்கும். ரண்டு கிழவியள் வந்து கோப்பி குடிப்பினம். தொப்பியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சு நிண்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். "டேய், கோப்பை எங்களுக்கு வந்தால் பாதி உனக்குத்தான்." இதைச் சொன்னவர் இப்போது மலர்க் குழுவில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

இறுதிப்போட்டியைப் பார்க்க என்னைவிட ஆசைப்பட்டவன் அந்தக் குசினியில் இல்லை. அந்தக் கோடை முழுவதும் பந்து தூக்கிக் கொடுத்தவன் நான். ஆனால் அப்பாவின் சொல்லுக்கு மேல் அப்போது சொல் இல்லை.

மறுநாள் காலையில் சின்னவர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். யார் நிற்பது என்று கேட்டிருக்கிறார். "நம்பிக்கையான ஆள். நீர் பந்தைப் பாரும்" என்று சொல்லி அப்பா ஃபோனை வைத்துவிட்டார்.

உணவகத்தின் பின்கதவால் போனேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். அது எனக்குச் சரியாகப் பொருந்தியது. முதல் கொஞ்ச நேரம் நம் ஆட்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பிக் கோப்பைகள் வந்தன. கழுவி அடுக்கினேன். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே நினைப்பு வந்தது.

பிறகு மணி அடித்தது. சேர்ச் மணி. அன்று அந்த ஊரின் பிள்ளைகளுக்குக் கொன்ஃபிர்மாத்ஸியோன் என்ற சடங்கு. வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் நாள். நம் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குபோல மாமன், மச்சான், பெரியம்மா என்று எல்லாரும் உடுத்திக்கொண்டு வந்து, சேர்ச் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக உணவகத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த நாட்டில் இத்தனை வருடம் தட்டுக் கழுவிய நம் ஆட்களுக்கு இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சின்னவர். அவரைத்தான் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே.

சூப் கோப்பை, சலாட் தட்டு, இறைச்சித் தட்டு, இனிப்புத் தட்டு. ஒன்று போனால் ஒன்று. உருளைக்கிழங்கு அடிப்பிடித்த கறுப்புச் சட்டிகள். சீஸ் உருகிக் காய்ந்து கல்லாகிப்போன கிண்ணங்கள். எனக்குப் பின்னால் வெயிட்டர்மார் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது மலைபோல வளர்ந்தது. அவசரத்தில் இயந்திரத்தின் மூடியை நேரத்துக்கு முதலே தூக்கிவிட்டேன். நீராவி முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்துக்கொண்டது. அந்த அடையாளம் இன்றைக்கும் என் வலது கையில் இருக்கிறது. நான் கத்தவில்லை. கத்தினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தேன். இந்தப் பிடிவாதத்தில்தான் பிறகு ஒரு நிறுவனமே கட்டினேன்.

வெளியே தட்டு முடிந்துவிட்டது. தட்டு இல்லாமல் சாப்பாடு போகாது. செஃப் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ப்ளிட்ஸ், இன்றைக்கு உனக்கு என்ன நடந்தது?"

அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. மலையைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவருடைய மின்னல் நிற்கும் இடத்தில் தட்டுத் தேங்காது. குனிந்து என் தொப்பியை மெல்லத் தூக்கினார். அந்தப் பெரிய சிவந்த முகம் எப்படி மாறியது என்பதை என்னால் எழுத முடியவில்லை. கோபம் என்று நான் நினைத்தேன். இப்போது என்னிடம் ஆட்கள் வேலை செய்கிறார்கள், இப்போது தெரிகிறது. அது பயம்.

அவர் என் கையைப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீருக்குக் கீழே நெடுநேரம் வைத்திருந்தார். மருந்து பூசித் துணி சுற்றினார். சூப் தந்து ஒரு மூலையில் இருத்தினார். வயது கேட்டார். சொன்னேன். பிறகு தன் வெள்ளைத் தொப்பியோடேயே தட்டுக் கழுவத் தொடங்கினார். ஆனால் சமையலும் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் கழுவினார். மதியம் முடிந்தபோதும் மலை அப்படியே இருந்தது.

பின்னேரம், இரவு வேலைக்கு நேராக வில்லிலிருந்து சின்னவர் வந்தார். சீருடையோடு வந்தார். கழுத்தில் பதக்கம். முகம் வெயிலில் கறுத்து, பல்லெல்லாம் தெரிந்தது. கையில் ஒரு பொட்டலம். "நிண்ட ஆளுக்கு ரோல்ஸ்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தார்.

என்னைக் கண்டார். பிறகு என் கையைக் கண்டார்.

"நீயா மனே?"

அந்த இரண்டு சொல்லை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செஃப் கதைக்கத் தொடங்கினார். சின்னவருக்குத் தட்டு, சட்டி, சீக்கிரம், நன்றி என்ற அளவுக்குத்தான் டொச் தெரியும். செஃப் என்னைப் பார்த்தார். உங்கள் வீடுகளிலும் இதே கதைதானே? வைத்தியரிடம், கந்தோரில், பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வாயாக இருந்தது நாங்கள்தானே? அன்றும் நான்தான் சொன்னேன்.

"அண்ணை, பிள்ளையை வேலைக்கு வச்சதெண்டு பொலிஸ் வந்தால் இந்த உணவகத்தையே பூட்டிப்போடுவாங்களாம். நீங்கள் தன்னை ஏமாத்திப்போட்டியளாம். நாளைக்கு வரவேண்டாமாம்."

"கையெழுத்து?"

நான் கேட்டேன். செஃப் இல்லை என்று தலையை ஆட்டினார். அது எந்த மொழியிலும் ஒன்றுதான்.

பிறகு செஃப் இன்னொன்று சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "என்னிடம் கேட்டிருந்தால் இன்றைக்கு வேறு ஆள் ஒழுங்கு செய்திருப்பேன். ஒரு தரம் கேட்டிருக்கலாமே." அதையும் சொன்னேன். சின்னவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி நின்றார். அப்பாவின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

"இண்டைக்கு இரவு மட்டும் செய்யட்டாமா எண்டு கேளு மனே."

செஃப் ஏப்ரனை எடுத்து நீட்டினார்.

நண்பர்களே, வில்லில் நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. சின்னவர் பதக்கத்தைக் கழற்றி ஆணியில் கொழுவினார். சீருடைக்கு மேல் ஏப்ரனைக் கட்டினார். ஒரு கை தட்டை எடுக்க மறு கை அடுத்ததைத் தொட்டது. முழங்கால் இயந்திரத்தின் மூடியைத் தட்டியது. தட்டுகள் ஒன்றில் ஒன்று இடிக்கும் சத்தம்கூட இல்லை, சீட்டுக் குலுக்குவதுபோல ஒரு சரசரப்புத்தான். பின்னால் சட்டிகள் வந்து விழுந்தன. அவர் திரும்பவில்லை. சமையற்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தார். செஃப் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். என்னைப் பாதி நாள் நசுக்கிய மலை கண்ணுக்கு முன்னால் கரைந்து, அலுமாரியில் வெள்ளையாய் ஏறி நின்றது. சின்னவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு செஃபைப் பார்த்தார். ஓடி முடித்தவன் நடுவரைப் பார்ப்பதுபோல.

அவர் மனம் மாறுவார் என்று நான் நினைத்தேன். சின்னவரும் நினைத்திருப்பார். செஃப் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஷாடே" என்றார். இப்படி ஆகிவிட்டதே என்ற கவலைக்குச் சொல்லும் சொல். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மேசை நடுவில் வெற்றிக் கோப்பை. பாட்டும் சிரிப்பும். அம்மா என் கையைக் கண்டார். "பிள்ளையை வேகவிட்டிட்டுக் கோப்பை தூக்கிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று அப்பாவைக் கேட்டார். பாட்டு நின்றது. நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சொன்னார், "அவர் கெட்டிக்காரன், வேறை குசினி கிடைக்கும்." குசினி கிடைக்கும், கையெழுத்துக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். போய்ச் செஃபிடம் கதையுங்கோ, பிழை எங்களுடையது என்று சொல்லுங்கோ என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சொந்தப் பிள்ளையை வேலைக்கு விட்டதாகப் போய்ச் சொன்னால் தன் பெர்மிட்டுக்கு என்ன ஆகும் என்று பயந்தார். அதை அவர் சொல்லவில்லை. அந்தக் குசினியில் இருந்த ஒருவரும் போகவில்லை. சின்னவர் நம் ஊர் ஆளாக இருந்திருந்தால் போயிருப்பீர்களா? என்னைக் கேட்காதீர்கள், உங்களைக் கேளுங்கள்.

கோடை முடிய முதல் அவர் பிரெஞ்சு பேசும் பக்கத்து லோசான் நகரத்துக்குப் போய்விட்டார். எந்த அணிக்கும் பிறகு ஓடவில்லை. அந்தக் கோலின் வீடியோ நாடா கைமாறிக் கைமாறிப் போய் எங்கோ பூஞ்சணம் பிடித்துத் தொலைந்துவிட்டது. நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன். அறைக்காரர் கத்திய கத்தலில் கமரா வானத்தைத்தான் பிடித்திருந்தது.

மலருக்கு அவருடைய தனிப் படம் ஒன்று கேட்டு இந்த வசந்தத்தில் லோசானுக்குப் போனேன். மலைச்சரிவில் கட்டிய அந்த நகரமே ஒரு ஏணி. மேல் தட்டில் அவருடைய வீடு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து களைத்த உடம்பு. கதவைத் திறக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். இன்னும் என் உயரம்தான், கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

"மூன்று சின்னவர்களில நீங்கள்தான் திறமாம் அண்ணை. எல்லாரும் சொல்லுகினம்."

சிரித்தார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். "நீ கொஞ்சம் கெதியாக் கழுவியிரிக்கலாம் மனே."

பகிடிதான். பாதிப் பகிடி. "உங்களைப்போல ஆர் அண்ணை கழுவிறது?" என்றேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "மகளுக்குப் பால்பல்லு விழுந்து முளைச்சதெல்லாம் அந்தக் கொழும்பு லொட்ஜிலதான் தம்பி. இஞ்ச வந்து இறங்கினப்ப இவரக் கண்டு எனக்குப் பின்னால ஒளிச்சவ. அப்பா எண்டு கூப்பிட எவ்வளவு காலம் எடுத்த எண்டு இவரக் கேளுங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அடித்தது. சின்னவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார். படம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

இப்போது மலருக்கு நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். "முதல் சின்னவர் மேலும் நல்ல வாய்ப்பைத் தேடி லோசான் சென்றார்." நண்பர்களே, என் பதில் இதுதான். மூவரில் திறம் முதல் ஆள். மற்ற இருவரும் ஓடியபோது கரையில் தண்ணீர்ப் போத்தலோடு ஆள் நின்றது. அவர்கள் தோற்றால் ஆட்டம்தான் போகும். இவர் வென்றபோதே எல்லாம் போனது. அந்தப் பொய் வரியை எடுத்துவிட்டு, நம் கோப்பையால் அவருடைய வேலை போனது, நாம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பின்னட்டையிலிருந்து என் விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள்.

அதோடு என் பங்கும் எனக்கு வேண்டும். விட்டுக்கொடுக்கமாட்டேன். கோப்பையோடு எடுத்த படத்துக்குக் கீழே நிற்பவர்கள், இருப்பவர்கள் என்று எல்லாரையும் போட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடப் படங்களில் கடைசியாக, வராத ஆளுக்கென்று ஒரு வரி வருமே, 'சமுகமளிக்காதவர்' என்று. அந்த வரியைச் சேருங்கள். சேர்த்து என் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் இடம் கிடந்தால், அந்த நேரம் அவன் சின்னவரின் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான் என்றும் போடுங்கள். எழுத்துச் சிறிதாக இருக்கக் கூடாது.